பிள்ளைகளோடு கூடாரத்தில் தங்குதல்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கனடாவில் வசிக்கும் அண்ணா 2019 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, எங்கள் பிள்ளைகளுக்கென்று ஐந்து பேர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்றை வாங்கிவந்தார். அப்போது மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நான்கு வயது. வலைத்துணியாலான உட்கூடு, அதன்மேல் போர்த்தும் பொலியெஸ்டர் மேல்விரிப்பு, உட்கூட்டோடு சேர்த்துத் தைத்த தளம், குறுக்கே வளைந்து நிற்கும் இரண்டு பைபர் கிளாஸ் கம்பிகள், இரு பக்கமும் வாசல், ஏறக்குறைய ஏழு கிலோ எடை என்று அமைப்பு எளிமையானது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் எங்கே அடித்தோம், என்ன பழுதானது என்று ஒரு கொப்பியில் குறித்துவருகிறேன். இதுவரை 43 இரவுகள். அவற்றில் 19 இரவுகள் எங்கள் சொந்த வளவில். கூடாரம் வாங்கலாமா என்று கேட்கும் உறவினருக்கும், பிள்ளைகளின் வகுப்புத் தோழர்களின் தாய்மாருக்கும் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

வீட்டில் முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, போரினால் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அம்மா எங்களையும் கூட்டிக்கொண்டு நடந்தவர். மீசாலையில் ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாள் கட்டி, அடுத்த சித்திரை வரை அதற்குள்ளேயே சமைத்து எங்களைப் பார்த்தவர். கூடாரத்தைக் கண்டதும், "தறப்பாளுக்குக் கீழ கிடந்தது காணும் பிள்ளை, விருப்பப்பட்டு ஆரும் அதுக்குள்ள போய்ப் படுப்பினமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வற்புறுத்தவில்லை. எங்கள் பகுதியில் பல வீடுகளில் கூடாரம் என்ற சொல்லோடு இந்த நினைவும் சேர்ந்தே இருக்கிறது. ஆகையால் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், முற்றத்தில் திடீரென்று அடித்துவிட்டு அவர்களை அழைக்காமல், முதலில் இருந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

தொடக்கம் சொந்த முற்றத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. முதல் நாள் கூடாரத்தை நிமிர்த்த எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது. கம்பியை எந்தத் துளைக்குள் செருகுவது என்று பிடிபடுவதற்குள் பிள்ளைகள் பசித்து அழத் தொடங்கிவிட்டார்கள். இருட்டிய பிறகு ஒரு கடற்கரையில் இதே நிலை வந்திருந்தால் அவர்கள் அடுத்த முறை வந்திருக்க மாட்டார்கள். இப்போது 20 நிமிடம் போதும். முற்றத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே அதிக ஆழமில்லாமல் சுண்ணாம்புக்கல் இருப்பதால், கூடாரத்தோடு வந்த மெல்லிய கம்பி முளைகள் ஒரு சாண் இறங்குவதற்குள் வளைந்துவிட்டன. ஹார்ட்வெயார் கடையில் தடித்த இரும்பு ஆணிகளை வாங்கி, தலையை வளைத்து வைத்துக்கொண்டோம். முற்றத்துக்கு அவை இன்றுவரை போதுமாக இருக்கின்றன.

மணலில் ஆணியும் நிற்காது, முளையும் நிற்காது. 2020 மாசி மாதம், கடற்கரையில் தங்கிய முதல் இரவில், மணற்காட்டில் சவுக்கந்தோப்பின் ஓரமாகக் கூடாரத்தை அடித்தோம். மாலையில் அசைவில்லாமல் இருந்த இடம், நள்ளிரவுக்குப் பிறகு வாடைக்காற்று எழுந்ததும் மாறிவிட்டது. ஒரு மூலை பிடுங்கிக்கொள்ள, மேல்விரிப்பு படபடவென்று அடித்துப் பிள்ளைகள் இருவரும் எழுந்துவிட்டார்கள். விடியும்வரை கணவர் அந்த மூலையில் உட்கார்ந்தபடியே இருந்தார். காலையில் எங்களைப் பார்த்த கடற்றொழிலாளி ஒருவர் காட்டிக்கொடுத்த முறையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம். வெறும் உரப்பையில் பாதிக்கு மணலை நிரப்பி, அதன் இடுப்பில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, ஒரு முழ ஆழக் குழியில் படுக்கவைத்து, மேலே மணலை மூடிக் காலால் நன்றாக மிதிக்க வேண்டும். கயிறு நிலத்திலிருந்து சாய்வாக, தாழ்வாக வரவேண்டும். செங்குத்தாக இழுத்தால் பை மெல்ல மேலே வந்துவிடும். நான்கு மூலைக்கும், காற்று வரும் பக்கத்து நடுக்கயிற்றுக்குமாக ஐந்து பைகள் வேண்டும். புறப்படும்போது மணலைக் கொட்டிவிட்டுப் பைகளை மடித்து எடுத்துவரலாம். சுமக்கப் பாரமே இல்லை. கூடாரத்துக்கென்று நான் செலவழித்தவற்றுள் மிகக் குறைந்த பணத்துக்கு மிகக் கூடிய பயன் தந்தவை இந்த உரப்பைகள்.

இங்கே கூடாரத்தைச் சோதிப்பது மழையைவிடக் காற்றுத்தான். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பெரிய பெரிய பட்டங்களை வானில் நிறுத்துகின்ற காற்றுக் கூடாரத்தின் மேல்விரிப்பையும் அப்படியே தூக்கப் பார்க்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் தொடங்கி, புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து விடாமல் வீசும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. ஆகவே பிள்ளைகளோடு செல்லப் பொருத்தமான காலம் மாசி, பங்குனி, சித்திரையின் முற்பாதி என்பதே எங்கள் அனுபவம். இதை மீறி 2021 ஆனியில் வேலணையில் சாட்டிக் கடற்கரைக்குப் போனபோது ஒரு கம்பி முறிந்தது. பைபர் கிளாஸ் முறியும்போது நெடுக்காகப் பிளந்து, மூங்கில் சிராய் போன்ற ஊசிகளைக் கிளப்பும். வெறுங்கையால் பிடித்த மகளின் விரலில் ஏறிய சிராயை எடுக்க அரை மணித்தியாலம் சென்றது. அன்றிலிருந்து ஒரு சாண் நீள அலுமினியக் குழாய்த் துண்டு, ஒட்டுநாடா, ஒரு சோடித் தடித்த கையுறை ஆகிய மூன்றும் பையை விட்டு இறங்குவதில்லை. முறிந்த இடத்தின்மேல் குழாயைச் செருகி ஒட்டுநாடாவைச் சுற்றினால் அன்றைய இரவைக் கழித்துவிடலாம். புதிதாக வாங்குபவர்கள் விலை கூடினாலும் அலுமினியக் கம்பி உள்ளதைப் பாருங்கள்.

குளிர்நாட்டுக்கென்று செய்த கூடாரம் இது. மேல்விரிப்பு நிலம்வரை இறங்குவதால் காற்றோட்டம் குறைவு. காலை வெயில் பட்டதும் உள்ளே இருக்க முடியாது. கிழக்குப் பக்கத்தில் சவுக்கோ பூவரசோ நிற்கும் இடமாகப் பார்த்து அடித்தால் பிள்ளைகள் இன்னொரு மணித்தியாலம் உறங்குவார்கள். தென்னைக்குக் கீழும் பனைக்குக் கீழும் நிழலை நம்பி ஒருபோதும் அடிக்கக் கூடாது. தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையும் காவோலையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. ஆவணியில் பனம்பழமும் சேர்ந்துகொள்ளும்.

மேல்விரிப்பைக் கழற்றிவிட்டு வலைக்கூட்டை மட்டும் நிறுத்தலாம் என்பதை நாங்கள் கண்டுகொண்டது 2022 பங்குனியில். பொருளாதார நெருக்கடியால் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்சாரம் இல்லாத அந்தக் கிழமைகளில் மின்விசிறி இல்லாமல், நுளம்புக்கடியில் வீட்டுக்குள் உறங்க முடியவில்லை. வலைக்கூட்டை முற்றத்தில் நிறுத்திப் பாய் விரித்தோம். காற்று உள்ளே வந்தது, நுளம்பு வரவில்லை. மூன்றாவது இரவு, கேட்காமலே, தன் தலையணையை எடுத்துக்கொண்டு அம்மா வந்து மகனுக்குப் பக்கத்தில் படுத்தார். "இது வேற மாதிரித்தான் கிடக்கு, வானம் தெரியுது" என்று சொன்னார். அதற்குப் பிறகு பெற்றோல் வரிசைக் காலம் முழுவதும் எங்கள் பயணங்கள் வளவைத் தாண்டவில்லை; 19 வளவு இரவுகளில் பெரும்பாலானவை அப்போது கழிந்தவை.

மழையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பையில் 3,000 மில்லிமீற்றர் என்று அச்சிட்டிருந்தது. துணியின்மேல் அந்த உயரத்துக்கு நீர் நின்றாலும் கசியாது என்பது அதன் பொருள். முதல் நான்கு ஆண்டுகள் அது சரியாகவே இருந்தது. காலையில் மேல்விரிப்பின் உட்புறம் நனைந்திருப்பது பெரும்பாலும் எங்கள் மூச்சின் ஈரம். அதைக் கசிவு என்று நினைத்து வாசல்களை இறுக மூடினால் ஈரம் கூடும். கூடாரத்துக்குக் கீழே விரிக்கும் படங்கு கூடாரத்தளத்தைவிடச் சற்றுச் சிறியதாக, நான்கு பக்கமும் உள்ளே மடித்ததாக இருக்கவேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

உண்மையான சேதம் உப்பினாலும் எங்கள் கவனக்குறைவினாலும் வந்தது. இரண்டாம் ஆண்டிலேயே வாசல் சிப் இறுகத் தொடங்கியது; உப்பும் பொடிமணலும் பல்லுக்குள் பிடித்து, இழுக்கும் தலை தேய்ந்துவிட்டது. இப்போது கடற்கரையிலிருந்து வந்த அன்றே, களைப்பாக இருந்தாலும், கூடாரத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விடுகிறோம். சவர்க்காரம் போடாமல் நல்ல தண்ணீரால் அலசி, பழைய பற்தூரிகையால் சிப்பின் பற்களைத் தேய்த்து, மாமர நிழலில் கொடியில் போட்டு, மடிப்புகள் வரை காய்ந்தபின் சிப்பின் இரு பக்கமும் மெழுகுதிரியை ஓட்டிவிடுவோம். வெயிலில் காயப்போட்டால் விரைவில் காயும். ஆனால் அந்த வெயில்தான் பொலியெஸ்டரையும் அரிக்கும். 2023 கார்த்திகையில் மட்டும், அடுத்த மழைக்கு முன் எடுத்துவைக்கும் அவசரத்தில், தளம் ஈரமாக இருந்தபோதே சுருட்டித் தகரக் கூரைக்குக் கீழே பரணில் வைத்துவிட்டோம். மாசியில் திறந்தபோது புளித்த மணம் வந்தது; மேல்விரிப்பின் உட்பூச்சுக் கையில் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உரிந்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் நீர்புகாமைக்காகப் பூசிய பொலியூரித்தேன் இப்படிச் சிதைந்துபோகும். அதற்குப் பிறகு அதைச் சீர்செய்ய வழியில்லை. நான்கு ஆண்டு காற்றும் மழையும் செய்யாததை மூன்று மாதப் பரண் செய்தது என்பது எனக்கு இன்றும் மனத்தாங்கல்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, இரவு எங்கே சிறுநீர் கழிப்பது என்ற கேள்விக்கு விடை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். மூடியுள்ள வாளி ஒன்றை வாசலுக்கு வெளியே, மேல்விரிப்புக்குள் வைப்போம். ஒவ்வொருவருக்கும் சொந்த டோர்ச் உண்டு. வீட்டில் எட்டரைக்குப் படுப்பவர்கள் அங்கும் எட்டரைக்கே படுப்பார்கள். அவர்களின் தலையணையும் போர்வையும் வீட்டிலிருந்தே வரும். ஐந்து பேருக்கு ஓர் இரவுக்கும் அடுத்த பகல்வரைக்கும் குடிக்க, சமைக்க, முகம் கழுவ 30 லீற்றர் கொண்டுபோகிறோம். கடலோரக் கிணறுகள் பெரும்பாலும் உவர். உணவுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். இரவுக்குப் புட்டும் மாசிச் சம்பலும் வீட்டில் செய்தது. காலையில் இடையில் கடிக்கப் பருத்தித்துறை வடை. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் மட்டும். அடுப்பைக் கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது, மழை பெய்தாலும் கூடாது. தீ ஒரு புறம் இருக்க, மூடிய இடத்தில் சேரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமில்லை. உறங்குபவர்களுக்கு அது தெரியவராது.

பாம்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நிலத்தில் உறங்குபவர்களை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டு விரியன். கடித்த வலி பெரிதாகத் தெரியாததால் உறக்கத்திலேயே நிலை மோசமாகிவிடும். தளத்தோடு தைத்த கூடாரம், சிப்பை அடிவரை மூடினால், வெறும் பாயைவிடப் பாதுகாப்பானது. எங்கள் வீட்டு விதி ஒன்றுதான்: ஒரு நிமிடத்துக்கு வெளியே போனாலும் சிப்பை மூடவேண்டும். செருப்பை உதறாமல் போடக் கூடாது. எதுவும் நடந்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்து நேரே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இன்னொரு விடயத்தைத் தயங்காமல் எழுதுகிறேன். முகமாலை, நாகர்கோவில் பக்கங்களில் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்தது. ஆளரவமற்ற பற்றைக்காணி எவ்வளவு அழகாக இருந்தாலும் பிள்ளைகளோடு அதற்குள் இறங்காதீர்கள். ஊரவர் நாளும் புழங்கும் இடத்தில், அவர்களிடமும் கிராம அலுவலரிடமும் சொல்லிவிட்டுத் தங்குங்கள். முதல் வெளிப்பயணத்துக்குக் காரைநகர்க் கசூரினாவை நான் சொல்வேன். கடல் ஆழமில்லாதது, மரநிழல் உண்டு, யாழ் நகரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீற்றர்தான். பிள்ளை நள்ளிரவில் வீட்டுக்குப் போவோம் என்று அழுதால் திரும்பிவிடலாம். நெடுந்தீவுக்கு மூன்றாம் ஆண்டுக்குப் பிறகே போனோம். குறிகட்டுவானில் படகேறிவிட்டால் மறந்துவிட்ட பொருளுக்காகத் திரும்பிவர முடியாது.

இப்போது கூடாரத்தின் நிலை இது. உட்கூடும் தளமும் நன்றாக இருக்கின்றன. ஒரு வாசலின் சிப் மாற்றியது. ஒரு கம்பி குழாய் செருகியது. மேல்விரிப்பை எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக வலைக்கூட்டுக்கு மேலே உயரமாக ஒரு தறப்பாளைக் கட்டுகிறோம். நான்கு பக்கமும் காற்று வருவதால் முன்பு இருந்ததைவிட இதுவே எங்கள் வெக்கைக்குப் பொருந்துகிறது. மீண்டும் வாங்குவதானால் முழுக்க வலையாலான உட்கூடும் அலுமினியக் கம்பியும் உள்ள கூடாரம் ஒன்றையும், தனியாக ஒரு நல்ல தறப்பாளையும் வாங்குவேன். தறப்பாளைக் கட்டுவது அம்மா. எந்த மூலையைத் தாழ்த்தினால் தண்ணீர் தேங்காமல் ஓடும் என்பது அவருக்கு 1995 இலிருந்து தெரியும். போன பங்குனியில் அந்த முடிச்சை மகளுக்குப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.