சைலோ நிறுத்த எது சரி: ஹைட்ராவா, பெரிய கிரேனா, ஜாக்கியா?

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்தில் முதல் போகம் அறுப்புக்கு வருவது மழை நாளில். மெஷின் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் 20 முதல் 24 சதவீதம் நிற்கும். கேரள அரசின் சப்ளைகோ கொள்முதலுக்கு 17-க்குள் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இருப்பு வைக்க 14-க்கு இறக்க வேண்டும். அதனால்தான் விவசாயக் குழுக்களும் சிறு மில்காரர்களும் களத்தோரம் டிரையரும் (நெல் உலர்த்தி) சைலோவும் (நெல் சேமிக்கும் தகட்டுக் குதிர்) வைக்கக் கணக்குப் போடுகிறார்கள். எந்தச் சாமான் வாங்கலாம் என்று ஆறு மாதம் அலசுகிறவர்கள், அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வியை மட்டும் "ஒரு ஹைட்ராவைக் கூப்பிட்டா முடிஞ்சுது" என்று, சுமையோடு நகரும் அந்தச் சின்னக் கிரேனை நம்பி விட்டுவிடுகிறார்கள். தகடு நெளிவது அங்கேதான்.

பேச்சுக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். 18 அடி, அதாவது சுமார் 5.5 மீட்டர் விட்டம், ஒவ்வொன்றும் 1.12 மீட்டர் உயரத்தில் 6 ரிங். ரிங்குக்கு 6 நெளித்தகடு. நெல் சுமார் 90 டன் பிடிக்கும். ஆனால் காலி ஓடு, அதாவது வட்டத் தகட்டுச் சுவர், கூரையோடு சேர்த்தும் இரண்டரை டன் பக்கம்தான் வரும். சரியான எடையைத் தயாரிப்பாளர் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டரை டன்தான் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

முதலில் கேட்க வேண்டியது, சைலோவின் அடி தட்டையா, கூம்பா என்பது.

தட்டை அடி என்றால் ஜாக்கியே போதும், கிரேன் தேவையில்லை. கூரையையும் மேல் ரிங்கையும் தரையிலேயே கட்டி முடித்து, சுற்றிலும் 6 ஜாக்கி வைத்து ஒரு ரிங் உயரம் தூக்கி, அடியில் அடுத்த ரிங்கைப் பூட்டுவது. இப்படியே கீழ் ரிங் வரை. ஆள் எப்போதும் தரையில்தான் நிற்பார். சாரமோ ஏணியோ வேண்டாம். கடைசித் தூக்கலிலும் ஒரு ஜாக்கிக்கு 400, 450 கிலோதான் விழும். கிரேன் வந்தாலும் போல்ட்டை ஆள்தானே முடுக்க வேண்டும்? ஓட்டைக் கொக்கியில் தொங்கவிட்டு அடியில் ரிங் பூட்டுகிறவர்கள் உண்டு. அது வாடகையும் தின்னும், தொங்கும் சுமைக்கு அடியில் கையையும் நீட்டவைக்கும். அந்த வேலையைச் செய்யவே கூடாது.

ஜாக்கியில் கெடுவது இரண்டே விஷயம். ஒன்று, சமமில்லாத தூக்கல். ஆறு பேரும் ஒரே எண்ணிக்கைக்கு அடிக்க வேண்டும். ஒருவர் முந்தினால் அந்தப் பக்கத் தகட்டில் போல்ட் துளை நீள்வட்டமாகக் கிழிந்துவிடும். அடுத்த ரிங்கின் துளை நேர் சேராது. அப்போது கடப்பாரை விட்டு நெம்புவார்கள், சீலிங் வாஷர் நசுங்கும். அடுத்த மழையில் அந்த ஒரு போல்ட் வழியாக இறங்கும் நீர் உள்ளே ஒரு முழ அகலத்துக்கு நெல்லைக் கட்டியாக்கிவிடும். இரண்டு, ராத்திரி. ஜாக்கியில் நிற்கும் ஓட்டுக்கு வேர் கிடையாது. சாயங்காலம் வேலை முடிந்தால் தளத்தில் இறக்கி, ஆங்கர் போல்ட்டில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

கூம்பு அடி என்றால் கதை வேறு. 45 பாகைக் கூம்பும் கால்களும் சேர்ந்து ஓட்டின் அடிவிளிம்பை மூன்றரை மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும். ஓட்டைப் பக்கத்தில் ஜாக்கியால் கட்டி முடித்து, முழுதாகத் தூக்கிக் கூம்பின் மேல் உட்கார வைக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள்: அடிவிளிம்பு உயரம் மூன்றரை மீட்டர், ஓடு 6.7, கூரை 1.6, தூக்கும் ஸ்லிங் 2, ஆக 13.8. கூம்பில் முட்டாமல் இறக்க விடும் இடைவெளியும் சேர்த்தால், கொக்கி 14 மீட்டருக்கு மேல் போயாக வேண்டும். 14 டன் ஹைட்ராக்களில் பலவற்றுக்கு அது எட்டாத உயரம்.

உயரம் குறைவாக இருந்தாலும் ஹைட்ராவால் ஓட்டைத் தூக்குவதை ஒப்புக்கொள்ள மாட்டோம். பெயரில் உள்ள 14 டன், பூம் சுருங்கிச் சுமை மூக்கருகே இருக்கும்போது மட்டும் உண்மை. இங்கே ஓட்டின் நடுப்புள்ளியே விளிம்பிலிருந்து 2.75 மீட்டர் உள்ளே இருக்கிறது. நெருங்கி நின்றால் பூம் கூரை ஓரத்தில் உரசும். விலகி நின்றால் திறன் சரசரவென்று குறையும். ஹைட்ரா பூம் பக்கவாட்டில் சுழலாது, வண்டிதான் வளைய வேண்டும். சுமையோடு வளையும்போது சாய்ந்துவிடும் பயம் கூடுதல். லாரியிலிருந்து தகட்டுக் கட்டு இறக்க, டிரையரின் கீழ் அடுக்கை வைக்க, பர்னரையும் ஃபேனையும் நகர்த்த ஹைட்ராவுக்கு நிகர் இல்லை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக, கூம்பு சைலோவுக்கு ஜாக் கால் விரித்து நிற்கும் டெலஸ்கோப்பிக் கிரேன். கொக்கி, தூக்கு வளையம் எல்லாம் சேர்த்துச் சுமை 3.3 டன் என்று வைத்தால், அந்தத் தூரத்துக்கும் பூம் நீளத்துக்கும் லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற கிரேன் அட்டவணை) 4.5 டனாவது காட்ட வேண்டும். கிரேன் கிளம்பும் முன்பே சார்ட்டின் போட்டோவைக் கேட்டு வாங்குங்கள். தூரத்தைக் கிரேன் சுழலும் நடுவிலிருந்து சைலோவின் நடுவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

தூக்கும் முறையில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்தாலொழியக் கூரை நடு வளையத்தில் கொக்கி போடக் கூடாது. மேல் ரிங்கில் ஸ்டிஃப்னரோடு (தகட்டை விறைப்பாக்கும் சட்டம்) பிராக்கெட் பூட்டி, உள்ளே தூக்கு வளையம் தொங்கவிட்டு, அதிலிருந்து சங்கிலி இறக்க வேண்டும். சங்கிலி படுத்தால் ஆபத்து. இரண்டு கால் ஸ்லிங்கில் 2.5 டன்னைத் தூக்கினால், தரைக்கு 60 பாகையில் ஒவ்வொரு காலும் 1.44 டன் இழுக்கும். 30 பாகையில் 2.5 டன். அதில் 2.17 டன் ஓட்டை உள்நோக்கி நெரிக்கும் விசை. வட்டம் முட்டையாவது அப்படித்தான்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பதே அதற்காகத்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் இந்த ஓட்டின் மேல் சுமார் 200 கிலோ தள்ளல் விழும். வேகம் பாதியானால் 50 கிலோ. 200 கிலோவை வழிகயிறு பிடிக்கும் நாலு பேர் தாங்க முடியாது. ஆடிக் காற்றும் மார்கழி, தைக் கிழக்குக் காற்றும் வேண்டாம். இரண்டாம் போகம் அறுத்த பிறகு, பங்குனி, சித்திரைக் காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவே தூக்குங்கள். மதியத்துக்கு மேல் கோடை மழையோடு சூறை வரும்.

அந்த மாதத்தில் கரிசல் இறுகியும் இருக்கும். ஆனாலும் வெடிப்பு விட்ட மண்ணை நம்ப முடியாது. ஒரு ஜாக் கால் 15 டன் அழுத்தினால், 40 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் சதுர மீட்டருக்கு 94 டன் ஆகிறது. 1.2 மீட்டர் சதுரத்துக்குக் கனமான மரக்கட்டை அடுக்கினால் அது 10 டன்னுக்கு இறங்கும். மூலத்தறைக் கால்வாய்க் கரை, புது போர் குழி, மூடிய சாண எருக்குழி இவற்றின் பக்கம் கால் ஊன்றக் கூடாது. களத்தின் மேல் 11 கே.வி. கம்பி போனால் பூமும் சுமையும் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. நெருங்க வேண்டியிருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே தூக்கல்.

டிரையருக்குக் கிரேனே மேல். அடுக்கடுக்காக ஏறும் சுழற்சி டிரையரைச் செயின் பிளாக்கில் ஏற்றலாம். ஆனால் மேலே போகப் போக முக்காலி ஆடும், அடுக்கு நேர் உட்காராது, இடைவெளியில் சூடான காற்று கசியும். நெல்லை வாளியில் மேலே ஏற்றும் எலிவேட்டரில் இன்னும் கவனம் வேண்டும். பெல்ட் ஓடும் 10, 12 மீட்டர் டிரங்கைத் (தகட்டுக் குழாய்) தரையில் பூட்டி ஒரு முனையில் மட்டும் பிடித்துத் தூக்கினால் நடு ஃபிளேஞ்சில், அதாவது இணைப்பு விளிம்பில், மடியும். கண்ணுக்குத் தெரியாத மடிப்பாகக்கூட இருக்கும். ஓட விட்டதும் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி வாளி தகட்டில் உரசும் சத்தம் கேட்கும். ஒரு நீளச் சேனலை முதுகெலும்பாகக் கட்டி, இரண்டு இடத்தில் பிடித்து நிமிர்த்துங்கள்.

இதெல்லாம் பார்த்தால் எங்கள் கணிப்பு: ஓட்டை ஜாக்கியால் முன்கூட்டியே கட்டி முடித்து வைத்துவிட்டு, கூம்பு சைலோ, டிரையர் மேல் அடுக்குகள், எலிவேட்டர் மூன்றையும் ஒரே நாளில் பெரிய கிரேனுக்குக் கொடுப்பதுதான் லாபம். கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாக வண்டி வருவதென்றால் கேரள வரி, பர்மிட் யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே எழுதி வாங்குங்கள். இறக்குக் கூலியையும் முதல் நாளே உள்ளூர்ச் சுமைத்தொழிலாளிகளோடு பேசி முடியுங்கள். செய்யாத வேலைக்கு வாங்கும் நோக்குக்கூலி 2018-லேயே கேரளத்தில் தடை செய்யப்பட்டது, செய்த வேலைக்கான கூலி அவர்கள் உரிமை.

ஓடு கூம்பின் மேல் உட்கார்ந்ததும் கொக்கியை உடனே கழற்றச் சொல்லாதீர்கள். சுற்று போல்ட் எல்லாம் துளையில் ஏறி, கால்களின் ஆங்கர் நட் முடுக்கியாகும் வரை சங்கிலி லேசான இழுப்பில் நிற்கட்டும்.