பக்கத்து நிலத்தில் மனைப்பிரிவு வருகிறதா? கூட்டத்தில் சொன்னதை நம்பி ஏமாறாதீர்கள்

உள்ளாட்சி நடத்தும் விசாரணைக் கூட்டத்தில், மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பதாரர் தரப்பு எழுந்து நின்று, "உங்கள் வேலியை ஒட்டி மரம் வைப்போம், ஒரு சொட்டு மழைத்தண்ணீர்கூட உங்கள் பக்கம் வராது" என்று சொல்லும். அக்கம்பக்கத்தார் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். 2 வருடம் கழித்து மரமும் இருக்காது, கொல்லையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அலுவலகத்தில் போய்க் கேட்டால், "அனுமதி ஆணையில் அப்படி ஒன்றும் இல்லையே" என்பார்கள். உண்மையிலேயே இருக்காது. ஊர் ஊராக மக்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வாய்ப்பேச்சு கூட்டக் குறிப்போடு நின்றுவிடும். விண்ணப்பதாரரைக் கட்டுப்படுத்துவது முத்திரை வைத்த வரைபடமும் ஆணையோடு சேர்த்த நிபந்தனைகளும்தான். அதனால், முடிவெடுக்கும் முன்பே அந்த வாக்குறுதியை நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். "தகுந்த மரங்கள் நடப்படும்" என்று எழுதினால் அதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது. "கிழக்கு எல்லை நெடுக 6 மீட்டர் அகலம், 3 மீட்டருக்கு ஒரு மரம், நடும்போதே 2 மீட்டர் உயரம், முதல் வீட்டில் குடியேறும் முன் நட்டு முடிக்க வேண்டும், 3 ஆண்டுக்குள் பட்டுப்போனால் மாற்ற வேண்டும்" என்று இருந்தால் கேட்கலாம். அளவு, கெடு, பொறுப்பு மூன்றும் வேண்டும்.

அடுத்து வரைபடம். சுவரில் மாட்டிக் காட்டும் வண்ணப் படம் வேறு, கோப்பில் இருக்கும் வரைபடத் தாள், அதாவது ஷீட், வேறு. ஒவ்வொரு ஷீட்டிலும் பெரும்பாலும் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். ஷீட் எண், திருத்த எண், திருத்திய தேதி எல்லாம் அதில்தான். அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கூட்டத்துக்குப் பின் ஒரு திருத்தம் வந்து, பூங்கா கொஞ்சம் சுருங்கி, இரண்டு மனை கூடுதலாக முளைத்திருக்கலாம். பழைய தேதி கையில் இருந்தால்தான் அதைக் காட்ட முடியும்.

தண்ணீர் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், அதிக சேதம் இதில்தான் நடக்கிறது. மழைநீர் ஓட்டத்தைக் கணக்கிட 1889-ல் எமில் குய்க்லிங் வெளியிட்ட முறையைச் சிறிய நிலங்களுக்கு இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஓட்டக் கெழு (பெய்யும் மழையில் மண்ணில் ஊறாமல் ஓடும் பங்கு), மழையின் வேகம், பரப்பு மூன்றையும் பெருக்க வேண்டும். மழையை மணிக்கு மில்லிமீட்டரிலும் பரப்பை ஹெக்டேரிலும் போட்டால் 360-ஆல் வகுக்க, வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 2 ஹெக்டேர் புல் நிலம், கெழு 0.25, மணிக்கு 60 மி.மீ. மழை என்றால் வினாடிக்குச் சுமார் 83 லிட்டர். அதே நிலத்தில் கூரையும் தாரும் வந்து கெழு 0.65 ஆனால் 217 லிட்டர். கட்டுவதற்கு முன் உள்ள கெழுவையே 0.25-க்குப் பதில் 0.40 என்று உயர்த்திக் காட்டிவிட்டால், கூடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காகிதத்தில் மறைந்துவிடும். அறிக்கை கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது "தற்போதைய நிலை" என்று போட்டிருக்கும் அந்த எண்ணைத்தான்.

"உச்ச ஓட்டம் (ஒரே நேரத்தில் பாயும் அதிகபட்சத் தண்ணீர்) அதிகமாகாது, தண்ணீரைப் பிடித்து மெதுவாக விடத் தேக்கக் குளம் கட்டுகிறோம்" என்பார்கள். உச்சம் கூடாமல் இருக்கலாம். ஆனால் முன்பு மண் குடித்த தண்ணீர் இப்போது குளத்துக்கு வருகிறது, மொத்த அளவு கூடுகிறது. முன்பு ஒரு மணி நேரம் ஓடிய வாய்க்கால் இனி பல மணி நேரம் ஓடும், கரை அரிக்கும். இன்னொன்று, எல்லை நெடுகப் பரவி வடிந்த தண்ணீர் இனி ஒரே குழாயில் ஒரே இடத்தில் கொட்டும். அந்தக் குழாய் வாய் யார் நிலத்தைப் பார்த்து நிற்கிறது, அங்கிருந்து வாய்க்கால் வரை வழி உண்டா என்று கேளுங்கள். மண் ஊறும் திறனைக் கோடையில் சோதித்திருந்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்ற அளவையும் கேளுங்கள். குளத்தின் அடி அந்த மட்டத்துக்குக் கீழே போனால், மழை வரும் முன்பே குளம் ஓரளவு நிறைந்திருக்கும்.

பிரித்துப் போடும் தந்திரமும் உண்டு. பெரிய திட்டத்துக்குத்தான் போக்குவரத்து ஆய்வு தேவை என்ற வரம்பு இருக்கும் இடங்களில், 40 மனையைப் பத்துப் பத்தாக நான்கு விண்ணப்பமாகத் தருவார்கள். எல்லை வரை வந்து எங்கும் போகாமல் நிற்கும் சாலை, 10 வீட்டுக்கு வேண்டியதைவிடப் பெரிய கழிவுநீர்க் குழாய், அடுத்த நிலத்துக்கும் அதே உரிமையாளர்: இவை கண்ணில் பட்டால் மொத்தத்தையும் சேர்த்து ஆராயச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வண்டிக் கணக்கைப் பள்ளி விடுமுறையில் எடுத்தார்களா என்று தேதியைப் பாருங்கள். புதுச் சாலை சேரும் இடத்தில் பார்வைத் தூரத்தை நீங்களே டேப் போட்டு அளக்கலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பார்த்து நிற்க ஏறத்தாழ 65 மீட்டர் வேண்டும். மேடு, வளைவு, புதர் மறைத்தால் போட்டோவோடு எழுதுங்கள்.

"எங்களுக்கு இது வேண்டாம்", "வீட்டு விலை குறையும்" என்று 200 பேர் கையெழுத்துப் போட்டாலும் பல இடங்களில் எடுபடாது. விதி என்ன, அது எந்த ஷீட்டில் எப்படி மீறப்படுகிறது என்று ஒரே ஒரு கடிதம் போனால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எழுத்தில் தராத ஆட்சேபனையை மேல்முறையீட்டில் எழுப்ப விடாத இடங்கள் உண்டு, மேல்முறையீட்டுக் கெடுவும் சில வாரங்களே இருக்கும். பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆணை வந்த பிறகுதான் பலர் அசந்துவிடுகிறார்கள். வேலைக்கு ஈடாக விண்ணப்பதாரர் கட்டிய வைப்புத் தொகையை அவரிடம் திருப்பித் தருவதற்கு முன் உங்களுக்குத் தகவல் தரச் சொல்லி முன்கூட்டியே மனுக் கொடுங்கள், பணம் போனபின் யாரும் திரும்ப வரமாட்டார்கள். கட்டி முடித்தபின் எடுத்த சர்வே லெவலை (நிலம், குழாய் ஆகியவற்றின் உயர அளவுகளை) அனுமதித்த ஷீட்டோடு ஒப்பிடுங்கள். குளத்தின் வெளியேற்றுத் துளை 150 மி.மீ. என்று வரைந்திருந்தால் அங்கே போய் அளந்து பாருங்கள். 200 மி.மீ. வைத்துவிட்டால், அதே நீர்மட்டத்தில் ஏறத்தாழ 1.8 மடங்கு தண்ணீர் கீழே இருப்பவர் வீட்டுக்குப் போகும்.