ரைட் பிளாக்கர்: வருடக்கணக்கில் பயன்படுத்தினால் தெரிய வருபவை

வழக்குச் சான்றாக வந்த டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாமல் காக்க, டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவில் இணைக்கும் கருவி ரைட் பிளாக்கர். சாட்டா (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை) டிஸ்க்குகளுக்கான ஹார்டுவேர் ரைட் பிளாக்கர் பற்றியது இது. வாங்கிய முதல் வாரத்தில் குறை சொல்ல எதுவும் இருக்காது. படிக்கும் கட்டளையை விடும், எழுதும் கட்டளையைத் தடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. எது தேய்கிறது, எதை அது காக்காது என்பதெல்லாம் போகப்போகத்தான் பிடிபடும்.

முதலில் தேய்வது கேபிள். கணினிக்குள் பொருத்தும் சாட்டா கேபிள் சுமார் 50 முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது; ஆய்வகத்தில் அந்தக் கணக்கு வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன்பின் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுக்கும்போது வேகம் விழும், நடுவில் பிழை வரும். உடனே டிஸ்க்கில் கோளாறு என்று அறிக்கை எழுதிவிடக் கூடாது. டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண்ணில் உள்ள சிஆர்சி பிழை (தரவைக் கடத்தும்போது நேர்வது) மட்டும் ஏறி, கெட்ட செக்டர்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகளை) எண்ணும் 5, 197 இரண்டும் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான். கேபிளை மாற்றிவிட்டு இமேஜை முதலிலிருந்து எடுங்கள்.

அடுத்தது சோதனை. ஒவ்வொரு வழக்குக்கு முன்பும் ஒரு சோதனை டிஸ்க்கின் ஹேஷை (தரவிலிருந்து கணக்கிடும், தரவு மாறினால் மாறிவிடும் அடையாள எண்ணை) எடுத்து, பிளாக்கர் வழியாக இணைத்து, அதில் ஒரு கோப்பை எழுத முயலுங்கள். சில மாடல்களில் எழுதியது வெற்றி என்றே திரை காட்டும், கோப்பும் அங்கே தெரியும். அது இயங்குதளத்தின் கேஷில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருப்பது, டிஸ்க்குக்குப் போயிருக்காது. ஆகவே திரையை நம்பாமல், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி இணைத்து ஹேஷை ஒப்பிடுங்கள். எழுதவும் அனுமதிக்கும் சுவிட்ச் உள்ள மாடலாக இருந்தால் அந்தச் சுவிட்ச்சின் மேல் டேப் ஒட்டிவிடுவது நல்லது.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) விஷயத்தில் பிளாக்கரை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். டிரிம் கட்டளை (நீக்கிய கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்வது) முன்பே போயிருந்தால், மின்சாரம் கிடைத்ததுமே டிஸ்க்கின் கன்ட்ரோலர் தானாக அழிப்பு வேலையைத் தொடங்கிவிடும். வெளியிலிருந்து வரும் கட்டளையைத்தான் பிளாக்கர் தடுக்கும், உள்ளே நடப்பதை அல்ல. முன்னோட்டம் பார்க்கிறோம் என்று இரவு முழுக்கச் செருகி வைப்பது பெரும் தவறு. இணைத்த உடனே முழு இமேஜ் எடுங்கள். பிறகு அதே எஸ்எஸ்டியை மறுபடி படித்தால் ஹேஷ் மாறக்கூடும் என்பதையும், ஏன் மாறும் என்பதையும் அறிக்கையில் முன்கூட்டியே எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் முதலில் வரும் கேள்வி இதுவாக இருக்கலாம்.

உண்மையிலேயே கெட்ட செக்டர் இருந்தால் வெறும் டிடி கட்டளை (லினக்ஸில் டிஸ்க்கை நகலெடுப்பது) போதாது. பிழையைத் தாண்டு என்று மட்டும் சொல்லி, அந்த இடத்தைச் சுழியத்தால் நிரப்பச் சொல்லாவிட்டால் அதற்குப் பிந்தைய தரவு முழுவதும் முன்னால் நகர்ந்து, கோப்பு முறைமையே குலைந்துவிடும். டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் மென்பொருள்) சிறந்தது: முதல் சுற்றில் நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து, விட்டதை மேப் கோப்பில் குறித்துக்கொள்ளும், அடுத்த சுற்றில் 3 முறை முயலச் சொல்லலாம். அந்த மேப் கோப்பையும் சான்றோடு சேர்த்து வையுங்கள், எந்தச் செக்டர் வரவில்லை என்பதற்கு அதுவே பதிவு.

நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறத்தாழ 1 மணி 50 நிமிடம் ஆகும். எடுத்த இமேஜைச் சரிபார்க்கத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், அவசரத்தில் அதைத் தவிர்க்காதீர்கள். ஹேஷ் கணக்கிடும் முறைகளில் எம்டி5க்கு 2004லும் ஷா-1க்கு 2017லும் ஹேஷ் மோதல்கள் (வெவ்வேறு தரவுக்கு ஒரே ஹேஷ் வருவது) காட்டப்பட்டுவிட்டன. ஆகவே ஷா-256ஐயும் சேர்த்தே பதியுங்கள்.