பிளட்போர்னா, ரெசிடென்ட் ஈவில் 4 ரீமேக்கா?

இருட்டும் ரத்தமும் கலந்த ஆக்‌ஷன் கேம் தேடுபவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

எதில் ஓடும்: பிளட்போர்ன் (2015) பிளேஸ்டேஷனில் மட்டும். ரீமேக் (2023) கணினியிலும் எக்ஸ்பாக்ஸிலும் உண்டு.

கடினம்: பிளட்போர்னில் ஈஸி மோட் கிடையாது, ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்கக்கூட முடியாது. ரீமேக்கில் கடினத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்.

சண்டை: அடி வாங்கிய கையோடு திருப்பி வெட்டினால், இழந்த ஹெல்த்தில் கொஞ்சம் திரும்பி வரும், பிளட்போர்னின் அழகே இதுதான். பயந்து பின்வாங்குவதைவிட முன்னே பாய்வதே பிழைக்கும் வழி. அதன் கதை நடக்கும் யார்னம் நகரத் தெருக்களில் பிடிக்கும் அந்த வெறியை வேறெந்த கேமும் எனக்குத் தந்ததில்லை. ரீமேக்கில் சீறிவரும் ரம்பத்தையே கத்தியால் தடுக்கலாம், ஆனால் கத்தி தேயும்.

வேலை முடிந்து கொஞ்ச நேரம் ஆடுபவருக்கு ரீமேக். தோற்றுத் தோற்றுக் கற்கப் பொறுமை இருந்தால் பிளட்போர்ன். என் ஓட்டும் அதற்கே.