குளச்சல் ஈரக்காற்றில் ஒரு வேக்குவம் காப்பி டப்பா

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, வெயில் காயும் மாதத்திலும் காற்றில் உப்பு ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு, வறுத்த காப்பிக்கொட்டையை ஒரு மாதம் மணம் போகாமல் வைக்க ஆசைப்பட்டு 1,290 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியதுதான் இந்த ஸ்டீல் டப்பா. மூடியிலேயே பம்ப், அழுத்த அழுத்த உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுக்கும், மூடி நடுவில் உள்ள சின்ன பட்டன் உள்ளே இறங்கிவிட்டால் வேலை முடிந்தது.

முதல் தடவை சிக்கமகளூரிலிருந்து கூரியரில் வந்த அரை கிலோவைக் கொட்டி, இருபது தடவை அழுத்தி, பட்டன் இறங்கியதைப் பார்த்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பட்டன் மேலே நிற்கிறது. மறுநாளும் அதே கதை. சரி, ஏமாந்தாச்சு, திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்து, கடைசியாக வெறும் டப்பாவைப் பம்ப் அடித்து வைத்துப் பார்த்தால் ஐந்து நாள் ஆகியும் பட்டன் அசையவில்லை. டப்பாவில் ஓட்டை இல்லை, புதுசாக வறுத்த கொட்டை பல நாளுக்குக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அதுதான் பட்டனைத் தூக்கியிருக்கிறது. காப்பிப் பாக்கெட்டில் பொத்தான் மாதிரி ஒரு வால்வு இருக்குமே, உள்ளே உள்ள வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாமல் தடுப்பது, அது இதற்காகத்தான். டப்பாவோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆக முதல் ஒரு வாரம், பத்து நாள் கொட்டை அந்தப் பாக்கெட்டிலேயே இருப்பது நல்லது, பம்ப் வீண்.

அதற்கப்புறமாவது பிரயோஜனம் உண்டா என்றால், பாதிதான். தினமும் காலையில் திறக்கிறோம், திறந்த உடனே நம்மூர் ஈரக்காற்று உள்ளே போகிறது, கொட்டை குறையக் குறைய அந்தக் காலி இடமும் பெரிதாகிறது, பம்பும் எல்லாக் காற்றையும் எடுத்துவிடாது. மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். நான் மூன்றாம் மாதம் கழற்றியபோது அதன் பள்ளத்தில் பழுப்பாகக் காப்பி எண்ணெய் படிந்து, காறல் எடுத்த தேங்காய் எண்ணெய் வாடை அடித்தது. சோப்பு போட்டுக் கழுவி நன்றாகக் காயவைக்காமல் புதுக்கொட்டையைக் கொட்டாதீர்கள். கண்ணாடி மாதிரி தெரியும் டப்பாவும் விற்கிறார்கள், வெளிச்சமும் கொட்டைக்கு ஆகாது, அது வேண்டாம்.

ஃபிரிட்ஜில் வைத்தும் பார்த்தேன், சாதாரண பிளாஸ்டிக் டப்பாவில், சாளைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "மக்கா, காப்பியில மீன் வாடை அடிக்கு" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்.

இப்போது செய்வது இது: வந்த கொட்டையை 100 கிராம் வீதம் ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, கவருக்கு மேல் இன்னொரு கவர் போட்டு ஃப்ரீசரில். முந்தின நாள் ராத்திரி ஒரு கவரை வெளியே எடுத்து வைத்துக் காலையில் பிரிப்பேன். குளிரோடு பிரித்தால் கொட்டை மேல் வேர்த்துவிடும். பிரித்தது மறுபடி ஃப்ரீசருக்குப் போகாது, வாய் இறுகிய சின்ன பாட்டிலுக்குப் போகும், எங்கள் வீட்டில் மூன்று நாலு நாளில் தீர்ந்துவிடும். அரைப்பதும் அன்றன்றைக்குத்தான். பொடியாக்கினால் மணம் சீக்கிரம் போகும், சிக்கரி கலந்த பொடி என்றால் ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும்.

காப்பிக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார். வருஷம் முழுக்க ஏசி ஓடும் வீடு, மாதம் கால் கிலோ செலவு என்றால் மூன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அது வாயு எதுவும் விடாது, பட்டன் இறங்கியது இறங்கியபடி கிடக்கிறது, ஒரு வாரம் ஆகியும் நமத்துப் போகவில்லை.