கெடு தாண்டிய அப்பீலும் இலவச சட்ட உதவியும்: எங்கள் அனுபவம்

அப்பீல் கெடு முடிந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று போர்டு போட்ட இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கும். அங்கே போங்கள். அவர்கள் வேலையில் குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன். ஆனால் என் தம்பியின் அப்பீல் இன்று உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டு வழக்கு எண் வாங்கியிருக்கிறதென்றால் அது இவர்களால்தான். ஒரு பைசா வாங்கவில்லை.

தம்பிக்கு செஷன்ஸ் கோர்ட்டில் ஏழு ஆண்டு தண்டனை. தீர்ப்பு வந்த வாரமே ஒரு தனியார் வக்கீலிடம் அப்பீலுக்குப் பணம் கொடுத்தோம். “போட்டாச்சு, வரிசையில இருக்கு” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் தாண்டியும் வழக்கு எண் மட்டும் வாயில் வரவில்லை. கோர்ட் இணையதளத்தில் தம்பி பெயரைப் போட்டுத் தேடினால் அப்படி ஓர் அப்பீலே இல்லை. சண்டை போட்டு கேஸ் கட்டைத் திருப்பி வாங்கினோம்.

சட்ட உதவி அலுவலகத்தில் முதலில் பேசியது ஒரு தன்னார்வலர் அம்மா. “தம்பி இன்னும் உள்ளதான இருக்கார்?” என்று கேட்டார். ஆமாம் என்றதும், “அப்போ வருமானச் சான்றிதழ் எதுவும் வேண்டாம்மா” என்று ஒரு விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் அப்படியே. இது தெரியாமல்தான் பல பேர் தாலி வரைக்கும் அடகு வைக்கிறார்கள்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீல் மேடம் செய்த முதல் வேலை எனக்கு மறக்காது. தீர்ப்பைப் படிக்கவில்லை. கேஸ் கட்டுக்குள் இருந்த தீர்ப்பின் சான்றிட்ட நகலில் (கோர்ட்டே சான்று போட்டுக் கொடுப்பது) கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் இருந்த ரப்பர் ஸ்டாம்ப்பைப் பார்த்தார். நகலுக்கு மனு போட்ட தேதி, நகலுக்கான கட்டண ஸ்டாம்ப் கேட்ட தேதி, அதைக் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக இருந்தது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த ஸ்டாம்ப்பை எத்தனையோ முறை காப்பி எடுத்திருக்கிறேன். எதற்கென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செஷன்ஸ் கோர்ட் கொடுத்த சிறைத் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் போக 60 நாள். தீர்ப்பு சொன்ன நாளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நகல் வாங்க ஆன காலத்தையும் கழித்துவிடுவார்கள். அதற்கு ஆதாரம் அந்த ஸ்டாம்ப்தான்.

எங்கள் விஷயத்தில் அது இன்னொன்றையும் காட்டியது. தீர்ப்பு வந்த சில நாளிலேயே நகலுக்கு மனு போட்டிருக்கிறது, நகலும் சீக்கிரமே கைக்கு வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் எதுவும் நடக்கவில்லை. “நீங்க தூங்கலைங்கிறதுக்கு இதுதான் சாட்சி” என்றார் மேடம். பணம் அனுப்பிய ஜிபே விவரம், வக்கீலுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் தேதியோடு பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரச் சொன்னார்.

காலவரம்புச் சட்டத்தின் 5-வது பிரிவில் ‘போதுமான காரணம்’ காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று இருக்கிறது. எத்தனை நாள் தாமதம் என்பதைவிடச் சொல்கிற காரணம் ஏற்கும்படி இருக்கிறதா என்பதே முக்கியம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் இருந்து போன சிவில் வழக்கு அது. 883 நாள் தாமதம், காரணம் வக்கீலின் அலட்சியம். மேடம் அதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பிரமாணப் பத்திரத்தில் அவர் எதையும் மேலோட்டமாக விடவில்லை. இந்த மாசம் என்ன செய்தீங்க, அடுத்த மாசம் யாரைப் பார்த்தீங்க என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தாமதத்தை மன்னிக்கக் கேட்ட மனு ஏற்கப்பட்டதற்கு அந்தப் பொறுமைதான் காரணம் என்று நம்புகிறேன்.

இனி குறைகள். மாவட்டத்தில் பார்த்த மேடம் உயர் நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. அங்கே வேறு வக்கீலை நியமிக்கிறார்கள். கட்டு அங்கே போனதும் எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. ஏதோ ஒரு பேப்பர் குறைகிறதென்று மனு ரிட்டர்ன் ஆகி வந்ததை நானே போன் பண்ணிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏற்கெனவே தாமதமான வழக்கில் இப்படி வாரங்கள் போவது வயிற்றைக் கலக்குகிறது. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதுமே. அப்புறம், பிரமாணப் பத்திரம் முழுக்க ஆங்கிலத்தில். கடைசியில் ‘தமிழில் படித்துக் காட்டப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கிறது. தம்பிக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. சிறையில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது என்னவென்று தெரிய வேண்டாமா?

இன்னொரு வருத்தமும் உண்டு. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும், வசதியில்லாதவருக்கு அப்பீல் செய்ய அரசே வக்கீல் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் 1978-லேயே தீர்ப்பு எழுதிவிட்டார். தம்பிக்கு நகல் கிடைத்தது. ஆனால் 60 நாள் என்று யாரும் சொல்லவில்லை. சிறைக் கண்காணிப்பாளரிடமே அப்பீல் மனுவைக் கொடுக்கலாம், அவர் அதை மேல் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரியாது. தீர்ப்பு நாளன்றே ஒரு தன்னார்வலர் கோர்ட் வாசலில் நின்று இதைத் தமிழில் சொல்லியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு காலம் வீணாகியிருக்காது.

எல்லாருக்கும் 60 நாள் என்று நினைக்க வேண்டாம். மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனைக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட் போக 30 நாள்தான். கீழ் கோர்ட் உத்தரவைச் சரிபார்க்கக் கேட்கும் சீராய்வு மனு (ரிவிஷன்) என்றால் 90 நாள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்று குறைவது தகவல் சொல்லாததற்கு. தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்ட மனு இப்போது விசாரணையில் இருக்கிறது. போகிறவர்கள் தீர்ப்பு நகல், கைதி எண், சிறையின் பெயர், பழைய வக்கீலுக்குப் பணம் கொடுத்த ஆதாரம் இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். போக வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.