ஆய்வுக்கூட நாய்க்கும் பூனைக்கும் முதலில் தேவை எது: துணையா, இடவசதியா, பொம்மையா?

ஆய்வுக்கூடங்களில் அடைத்து வளர்க்கப்படும் நாய், பூனைகளின் சலிப்பையும் அச்சத்தையும் குறைக்கும் வழிகளுள் பொம்மையே மலிவானது, எளிதானது. ஆயினும் விலங்குக்குக் கிடைக்கும் நிறைவைக் கொண்டு வரிசைப்படுத்தினால், அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படும் பீகிள், கூட்டமாக வேட்டையாடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய் இனம். அதற்குத் தனிமையைவிடப் பெரிய துன்பம் இல்லை. ரப்பர் பொம்மையின் புதுமை விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒத்துப்போகும் இன்னொரு நாயோ விளையாட்டையும் கதகதப்பையும் நாள் முழுவதும் தரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, நாயை ஒரே மூச்சில் 4 மணி நேரத்துக்கு மேல் தனியே வைக்கக் கூடாது என்கிறது. பூனைக்கு அவ்வரம்பு 24 மணி நேரம்.

மனிதத் தோழமையைத் துணைநாய்க்கு அடுத்தபடியாக வைக்கிறேன், சில வேளைகளில் அதற்கு இணையாகவும். பராமரிப்பாளர் பொறுமையாகப் பழக்கினால், இரத்தம் எடுக்கும்போது நாய் தானே அசையாமல் காலை நீட்டக் கற்றுக்கொள்ளும். அழுத்திப் பிடிக்கும் தேவையும் அதனால் எழும் பீதியும் குறையும். எந்தப் பொம்மையாலும் இது ஆகாது.

பூனைக்கு வரிசை மாறுகிறது. வளர்ந்தபின் திடீரெனச் சேர்க்கப்பட்ட பூனைகளுக்குத் துணையே தொல்லையாகலாம் என்பதால், உயரமான மேடைகளும் மறைவிடமும் முதலில் வர வேண்டும். ஒளிய இடமில்லாத பூனை மலத்தட்டிலேயே பதுங்கிக் கிடப்பதைக் காணலாம். அதற்குச் சாதாரண அட்டைப்பெட்டிகூடப் பெரிய ஆறுதல். மேடைகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தால் சண்டையும் குறையும். மணத்தால் பூனைகளைக் கிளர்ச்சியூட்டும் செடியான பூனைப்புதினா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பூனைகளை அசைப்பதே இல்லை. எனவே அதைத் துணைவழியாக மட்டுமே கொள்ளலாம்.

இத்தகைய வசதிகள் ஆய்வுத் தரவைக் கலைத்துவிடும் என்ற தயக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அஞ்சி ஒடுங்கிய விலங்கின் இதயத்துடிப்பும் கார்டிசோல் என்னும் மன அழுத்த ஹார்மோனின் அளவும் ஏற்கெனவே மாறியிருக்கும்போது, வெறுங்கூண்டைச் சார்பற்ற சூழலாகக் கருதுவது பிழை. சிறுநீர் சேகரிப்பு போன்ற காரணங்களால் நாயைப் பிரித்து வைத்தே ஆக வேண்டுமெனில், பக்கத்து நாயைப் பார்க்கவும் முகரவும் கம்பித் தடுப்பு இருக்கட்டும். அந்நாட்களில் பராமரிப்பாளர் அதனுடன் கழிக்கும் நேரத்தையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.